மங்கிய மீன்கொத்தியும் வெளுத்த கொக்கும்

கேள்வி: 400 மி.மீ. லென்ஸ் வாங்கி ஆறு மாதமாகிறது. ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்வு) 100-ஐத் தாண்டினால் படம் புள்ளி புள்ளியாகிவிடும் என்று நண்பர் சொன்னதால் அதை மாற்றுவதே இல்லை. கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவைகூடத் தெளிவாக விழவில்லை. லென்ஸில் குறையா?

பதில்: லென்ஸைத் திட்டாதீர்கள். அந்த 100-ஐக் கட்டிக்கொண்டு நானும் அழுதிருக்கிறேன். ஒரு விடியற்காலை, மீன்கொத்தி ஒன்று எதிரிலேயே உட்கார்ந்து மூன்று முறை பாய்ந்து மீன் பிடித்தது. நாற்பது படம் எடுத்தேன். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் நாற்பதிலும் நீலமாக ஏதோ ஒரு தீற்றல். ஷட்டர் 1/160 நொடியில் இருந்திருக்கிறது! புள்ளி விழுந்த படத்தை மென்பொருள் ஓரளவு தேற்றிவிடும். கலங்கிய இறகை அதனால் மீட்க முடியாது.

மேனுவல் மோடுக்குப் போய் ஷட்டரையும் அப்பெர்ச்சரையும் (லென்ஸ் திறப்பு) நீங்கள் வையுங்கள், ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விட்டு, உச்ச வரம்பை 6400 என்று கொடுங்கள். 400 மி.மீ.யில் கை நடுக்கத்துக்கே 1/400 வேண்டும், சென்சார் ஏ.பி.எஸ்.-சி (முழு அளவைவிடச் சிறியது) என்றால் 1/600. லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் உங்கள் கை ஆட்டத்தைத்தான் சமாளிக்கும், வாலாட்டிக் குருவியின் வால் ஆட்டத்தை அல்ல. ஆகவே உட்கார்ந்த பறவைக்கு 1/800, நிதானமாகப் பறக்கும் கொக்குக்கு 1/1600, சின்னஞ்சிறு பறவை பறந்தால் 1/3200. 1/500-இலிருந்து 1/2000-க்குப் போனால் வெளிச்சம் கால் பங்காகும். 400 இருந்த ஐ.எஸ்.ஓ. 1600 ஆகும். ஆகட்டும்.

அப்பெர்ச்சரை முழுதாகத் திறந்தே வையுங்கள். பத்து மீட்டர் தூரத்தில், எஃப் 5.6-இல், தெளிவு சுமார் 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்குக் கிடைக்கும், ஒரு மீன்கொத்திக்கு அது தாராளம்.

பறவை அசையாமல் இருந்தால் மட்டும் ஒரு சூதாட்டம் ஆடலாம். முதலில் 1/1000-இல் நாலு படம் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, ஐ.எஸ்.ஓ. குறையட்டும் என்று 1/500, 1/250 என்று இறங்கி மளமளவென்று சுடுங்கள். பத்தில் ஒன்று தேறினாலும் லாபம்தான்.

கேள்வி: கொக்கை எடுத்தால் இறகே தெரியாமல் வெள்ளைக் காகிதம் மாதிரி வருகிறதே?

பதில்: கேமராவின் ஒளிமானிக்குக் கொக்கு என்றும் தெரியாது, புதர் என்றும் தெரியாது. கட்டத்துக்குள் இருப்பதையெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கரும்பச்சைப் புதருக்கு முன்னால் சின்னதாகக் கொக்கு நின்றால், புதரை வெளுப்பாக்குகிறேன் என்று கொக்கை எரித்துவிடும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (ஒளிமானி கணக்கைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) -1 வையுங்கள். அதே கொக்கு கட்டம் முழுவதையும் அடைத்தால் கதை தலைகீழ்: அழுக்கு வேட்டியாக வரும், பிளஸ் பக்கம் போக வேண்டும். வானத்தில் பறக்கும் கரிச்சானுக்கு +1-க்குக் குறைந்தால் வெறும் நிழலுருவம்தான்.

பறக்கும் கொக்குக்கு ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வை நான் நம்புவதில்லை. புதரைத் தாண்டி வானத்துக்கு வந்ததும் பின்னணி மாறும். கொக்கின் மேல் விழும் வெயிலோ அதேதான். வெயில் நிலையாக இருக்கும்போது ஐ.எஸ்.ஓ.வையும் பூட்டிவிடுங்கள். சோதனைப் படம் ஒன்று எடுத்தால், எரிந்துபோன வெள்ளை திரையில் மினுக்கி எச்சரிக்கும். அது அடங்கும்வரை ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்தால் போதும். அப்புறம் கொக்கு எங்கே பறந்தாலும் கை வைக்காதீர்கள். மேகம் வந்தால் மறுபடி பார்க்க வேண்டும் என்பதை நானே அடிக்கடி மறந்துவிடுகிறேன்.

கேள்வி: பறக்கும்போது ஃபோகஸ் பின்னாலுள்ள மரத்துக்கு ஓடிவிடுகிறது.

பதில்: தொடர் ஃபோகஸில் வைத்திருக்கிறீர்களா? ஏ.எஃப்.-சி, கேனனில் சர்வோ. அது சரியாக இருந்தால், பறவை கிட்டே வந்த பிறகு தேடாதீர்கள். தூரத்தில் புள்ளியாகத் தெரியும்போதே பிடித்து, கூடவே திரும்புங்கள். மரம் குறுக்கிட்டால் ஃபோகஸ் பொத்தானிலிருந்து ஒரு கணம் விரலை எடுத்துவிட்டு, பறவை வெளியே வந்ததும் மறுபடி அழுத்துங்கள்.