கோல்ஃப் ஸ்விங்கில் தூரம் கூட வேண்டுமானால் எதை முதலில் கவனிக்க வேண்டும்?

முழு பலத்தையும் கொடுத்து வீசியும் டிரைவரில் (அதிகத் தூரம் அடிப்பதற்கான நீளமான கிளப், அதாவது மட்டை) 180 கஜத்தைத் தாண்ட முடியவில்லை, உடற்பயிற்சி செய்து கைகளைப் பலப்படுத்தினால் தூரம் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கைபலம் கூடுவது நல்லதுதான். ஆனால் பெரும்பாலானவர்களுக்குத் தூரம் குறைவதற்குக் காரணம் பலக்குறைவு அல்ல. இருக்கும் பலம் பந்தைச் சென்று சேராமல் வழியிலேயே வீணாவதுதான். அமெரிக்க கோல்ஃப் வீரர் பிரைசன் டிஷாம்போ உடல் எடையையும் தசைபலத்தையும் கூட்டிக்கொண்டு 2020இல் யு.எஸ். ஓப்பன் பட்டம் வென்றார் என்பது உண்மை. ஆனால் அவர் 2015இலேயே யு.எஸ். அமெச்சூர் பட்டம் வென்றவர், பந்தைச் சுத்தமாக அடிக்கும் திறமை அவருக்கு முன்பே கைவந்திருந்தது.

ஆகவே பந்து கிளப் முகத்தில் எங்கே படுகிறது என்பதை முதலில் பாருங்கள். பாதங்களுக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை டிரைவரின் முகத்தில் மெல்லிய படலமாக அடித்துவிட்டுப் பத்துப் பந்துகள் அடித்தால், பந்து பட்ட இடங்களில் மட்டும் பவுடர் உதிர்ந்து வட்ட வட்டமாகத் தெரியும். டிரைவரில் பந்தின் வேகம் அதிகபட்சமாகக் கிளப் தலையின் வேகத்தைப் போல் ஏறக்குறைய 1.5 மடங்கு, அதாவது மணிக்கு 90 மைல் வேகத்தில் வரும் கிளப் பந்தை 135 மைல் வேகத்தில் அனுப்ப முடியும். பந்து நடுவை விட்டு விலகிப் பட்டு அந்த மடங்கு 1.35 ஆகக் குறைந்தால் வேகம் 121 மைல் அளவுக்கு இறங்கிவிடும். பந்து வேகத்தில் ஒவ்வொரு மைலும் சுமார் 2 கஜம் என்று வைத்துக்கொண்டால், ஒரு துளி பலமும் கூட்டாமலே 25 கஜத்துக்கு மேல் கிடைக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது, உடல் இயங்கும் வரிசை. டவுன்ஸ்விங் (உச்சிக்குத் தூக்கிய கிளப் பந்தை நோக்கி இறங்குவது) முழுவதும் ஏறக்குறைய கால் விநாடியில் முடிந்துவிடுகிறது. அதற்குள் இடுப்பு முதலில் வேகமெடுத்துத் தணிய, அந்த வேகம் மார்புக்கும், பிறகு கைகளுக்கும், கடைசியில் கிளப்புக்கும் கைமாறிச் செல்ல வேண்டும். சாட்டையின் பிடி நிற்கும்போதுதான் அதன் நுனி சீறுகிறது. ஓங்கி அடிக்க நினைப்பவர்களோ உச்சியிலிருந்து கிளப்பைத் தோளாலும் கைகளாலும் இழுத்துவிடுகிறார்கள். மணிக்கட்டின் மடிப்பு பாதி வழியிலேயே விரிந்துவிடுவதால் வேகம் பந்துக்கு முன்பே செலவாகிறது. கிளப் வெளியிலிருந்து உள்நோக்கி வருவதால் பந்து வலப்பக்கம் வளைந்து மேலும் தூரத்தை இழக்கிறது. (வலக்கை ஆட்டக்காரரை வைத்துச் சொல்கிறேன்.)

இதைச் சரிசெய்ய நான் உறுதியாகப் பரிந்துரைக்கும் பயிற்சி ஒன்று உண்டு. இரு பாதங்களையும் சேர்த்து வைத்து பேக்ஸ்விங்கை, அதாவது கிளப்பைப் பின்னோக்கித் தூக்குவதைத் தொடங்குங்கள். கிளப் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்பே இடது காலை இலக்கின் பக்கமாக எடுத்து வைத்துப் பிறகு அடியுங்கள். கைகள் அவசரப்பட இதில் இடமே இருக்காது. இடுப்பு இறுக்கமாக இருப்பவர்கள் பேக்ஸ்விங்கில் இடது குதிகால் தரையை விட்டு உயர்வதைத் தடுக்க வேண்டியதில்லை. புகழ்பெற்ற கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லாஸே அப்படி உயர்த்தித்தான் ஆடினார். பிடியையும் இறுக்காதீர்கள், முன்கை விறைத்தால் மணிக்கட்டு வேலை செய்யாது.

டீயில் (பந்தை வைக்கத் தரையில் குத்தும் சிறு முளை) வைத்த பந்தின் பாதி டிரைவரின் மேல் விளிம்புக்கு மேலே தெரியட்டும். பந்து இடது குதிகாலுக்கு நேராக இருக்கட்டும். கிளப் மேல்நோக்கி எழும்போது பந்தைத் தொட்டால், அதே வேகத்திலேயே பந்து உயரமாகவும் குறைந்த சுழற்சியோடும் கிளம்பி இன்னும் 10, 15 கஜம் போகும். நீளமான கிளப் வாங்கும் எண்ணத்தை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். நடுவில் அடிப்பது அதனால் இன்னும் கடினமாகும்.

பவுடர் அடையாளங்கள் நடுவில் கூடத் தொடங்கிய பிறகு வேகப் பயிற்சிக்கு வாருங்கள். பந்து எங்கே போகிறது என்று பார்க்காமல் முடிந்தவரை வேகமாகச் சில ஸ்விங்குகள் மட்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவே நன்றாக ஓய்வெடுத்து, வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் செய்தால் போதும். உடலைச் சூடேற்றாமல் இதைத் தொடங்க வேண்டாம். கீழ்முதுகில் வலி தெரிந்தால் அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிடுங்கள்.