அரை கிரவுண்டில் ஒரு பூவரசு

வணக்கம் சார்,

மடிப்பாக்கத்தில் அரை கிரவுண்டு மனையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். மேல் கான்கிரீட் போட்டாயிற்று. இனி தரை, ஜன்னல், பெயின்ட், மரம். சண்டை இங்கேதான் ஆரம்பித்தது. எனக்குச் சிவப்புத் தரை வேண்டும், வாசலில் பூவரசு வேண்டும், காரைக்குடியிலிருந்து பழைய தேக்குத் தூண் இரண்டு வாங்கி ஹாலில் நிறுத்த வேண்டும். இன்டீரியர் வேலைக்கு வந்த பையன் சாம்பல் நிற டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், வாசலில் வரிசையாகப் பாம் மரம் என்கிறான். கொழுந்தனார் காம்பவுண்டை ஒட்டிக் கோனோகார்ப்பஸ் வைக்கச் சொல்கிறார், சீக்கிரமே பச்சைச் சுவர் ஆகிவிடுமாம். என் ரசனை பாட்டி காலத்து ரசனை என்று எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள். வீட்டு விஷயத்தில் நல்ல ரசனை என்று ஒன்று உண்டா சார், இல்லை அவரவருக்குப் பிடித்ததுதானா?

எஸ்., மடிப்பாக்கம்

அன்புள்ள எஸ்.,

அவரவருக்குப் பிடித்ததுதான் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் சென்னையில் வீடு கட்டுகிறவருடைய ரசனையில் பாதியை வெயிலும் ஈரக்காற்றும் எடுத்துக்கொண்டு விடுகின்றன. மிச்சப் பாதிக்குத்தான் நீங்களும் கொழுந்தனாரும் சண்டை போட முடியும். ஆகவே ஒன்று அழகா இல்லையா என்று கேட்பதற்கு முன்னால், பத்து வருஷம் கழித்து அது என்ன கதியில் இருக்கும், அதைத் தினம் யார் துடைப்பார்கள் என்று நான் கேட்பேன். உங்கள் பட்டியலில் இரண்டு இந்தக் கேள்வியில் தேறுகின்றன. ஒன்று தேறவில்லை.

சிவப்புத் தரைக்கு என் ஓட்டு. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பழைய வீடுகளில் அந்தத் தரையைப் பார்த்திருப்பீர்கள். கால் பட்டுப் பட்டு, துணி பட்டுப் பட்டு, கருஞ்சிவப்பாக மின்னும். அக்னி நட்சத்திர மதியத்தில் தலையணை மட்டும் போட்டு அதில் படுத்துவிடலாம். ஆனால் அது கொத்தனார் கையை நம்பிய வேலை. சிமென்ட்டில் சிவப்பு ஆக்சைடு கலந்து, பூசி, அது இறுகும் பக்குவம் பார்த்துக் கரணையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். ஓர் அறையை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பாதியில் விட்டு மறுநாள் தொடர்ந்தால் ஒட்டுப் போட்ட கோடு ஆயுசுக்கும் தெரியும். அப்புறம் தண்ணீர் கட்டி நிறுத்த வேண்டும். அதற்குள் பெயின்டர் ஏணியை இழுத்துக்கொண்டு வந்தால் போச்சு. கைப்பழக்கம் உள்ள கொத்தனார் கிடைத்தால் போடுங்கள். யூடியூபில் பார்த்திருக்கிறேன், செய்துவிடலாம் என்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

ஆள் கிடைக்கவில்லை என்றால் ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமென்ட்டை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமென்ட்டும் நிரப்பிச் செய்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைத்துத்தான் இறுக வைக்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்துவிடுகிறது. நடக்க நடக்க மெருகு கூடும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் தீர்ந்தது, வேலைக்கு வருகிற அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். புளித்தண்ணீரும் எலுமிச்சைச் சாறும்கூடக் கறை விடும் என்பதால் சமையலறைக்கு அது வேண்டாம். சாம்பல் டைல்ஸில் அழுக்கே தெரியாது என்று அந்தப் பையன் சொல்லியிருப்பான். எனக்கு அதுதான் பயம்.

ஃபால்ஸ் சீலிங்கை வேண்டாம் என்றே சொல்வேன். பத்தடி உயரத்தில் முக்கால் அடி போகும், மின்விசிறி அந்த அளவுக்குத் தலைக்கு நெருங்கும். மாடி ஒழுகினால் ஜிப்சம் உப்பி மஞ்சள் வட்டம் விழுந்த பிறகுதான் விஷயமே தெரியும். பல்லிகளுக்கு ஒரு தனி மாடி கட்டிக் கொடுத்ததாகவும் ஆகும். அந்தப் பணத்தை மொட்டைமாடியில் போடுங்கள். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிற ஊர் இது. சுவரைவிடக் கூரைதான் அதிகம் வாங்கிக்கொள்கிறது. மாடியில் வெள்ளை கூலிங் டைல்ஸ் பதித்தால் கீழே படுக்கிறவருக்கு வித்தியாசம் தெரியும். மேற்குப் பக்க ஜன்னல்களுக்கு சன்ஷேடு இரண்டு அடியாவது நீளட்டும்.

ஜன்னல் என்றதும் ஒன்று. கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. வாஸ்துப்படி தென்கிழக்கு அக்னி மூலை, அங்கே அடுப்பு. ஆக, ஊரில் கிடைக்கிற ஒரே நல்ல காற்று நேராகச் சமையலறைக்குள் நுழைந்து அடுப்பை அணைக்கிறது. வாஸ்துவைப் பற்றி எனக்கு வேறு கருத்துகளும் உண்டு, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

தூண்களுக்கு வருகிறேன். எனக்கு மனசு ஒப்பவில்லை. செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்தைச் சுற்றி நிற்கிற தூண்களுக்கு வேலை இருந்தது, தாழ்வாரத்துக் கூரையை அவை தாங்கின. உங்கள் ஹாலில் கான்கிரீட் கூரைக்குக் கீழே அவை எதையும் தாங்கப் போவதில்லை. ரிட்டையர் ஆன கோயில் யானையை நகைக்கடை வாசலில் நிறுத்தியது போலத்தான் இருக்கும். தூண் வேண்டுமென்றே இருந்தால் வாசலில் சின்னதாக ஓட்டுச் சாய்ப்பு இறக்கி, அதைத் தாங்க வையுங்கள். கூடவே ஒரு திண்ணையும் கட்டுங்கள், கூரியர் பையன் உட்கார்ந்து தண்ணீராவது குடிப்பான். வாங்கும்போது தூணின் அடியைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே கரையான் தின்றிருக்கிறது.

இனி மரம். பூவரசு மஞ்சளாகப் பூத்து, வாடும்போது செம்மண் நிறத்துக்கு மாறி உதிரும். உப்புக்காற்றைத் தாங்கும், போத்து நட்டாலே பிடித்துக்கொள்ளும். இலையில் கொழுக்கட்டை அவிக்கலாம், குழந்தைகள் சுருட்டிப் பீப்பி ஊதலாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது சாலையோரங்களில் குல்மொஹரும் மஞ்சள் கொன்றையும் ஏராளமாகச் சாய்ந்து கிடந்ததை நகரமே பார்த்தது. குல்மொஹர் மடகாஸ்கரிலிருந்து வந்த மரம், பூத்தால் அத்தனை அழகு, ஆனால் இந்தக் கடற்கரைப் புயல் அதற்குப் பழக்கமில்லை. எந்த மரமும் விழலாம்தான். சுற்றிலும் சிமென்ட் போட்டு வேரை நெரித்தால் வேம்பும் விழும்.

உங்களுக்குச் சிக்கல் இடம். அரை கிரவுண்டில் வீடு போக முன்னால் ஐந்தாறு அடி மிஞ்சினால் அதிர்ஷ்டம், அதற்குள் தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பும் இருக்கும். சம்ப்பை ஒட்டிப் பூவரசு நட்டால் ஒரு நாள் வேர் சுவரைத் தேடி வரும். கேட்டுக்கு வெளியே, மேலே மின்கம்பி போகாத பக்கம், மாநகராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடுங்கள். கம்பிக்குக் கீழே நட்டால் வருஷா வருஷம் லைன் பார்க்க வருகிறவர்கள் பாதி மரத்தை வெட்டிப் போட்டுவிட்டுப் போவார்கள். தினமும் இலையும் பூவும் கொட்டும், எதிர் வீட்டு அம்மாவின் கோலத்திலும் கொட்டும். அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. உள்ளே மூன்றடி சந்தில் பவழமல்லி, கறிவேப்பிலை போதும். பவழமல்லியில் கம்பளிப்பூச்சி வரும், அதை ஒட்டித் துணி காயப்போடாதீர்கள். பாம் மரம் வைத்தால் வைக்கட்டும், நிழலை மட்டும் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

கொழுந்தனாரிடம் சொல்லுங்கள்: கோனோகார்ப்பஸுக்கு குஜராத் 2023-இலேயே தடை போட்டது, பிறகு தமிழ்நாடும் போட்டுவிட்டது. மகரந்தத்தால் சளி, மூச்சுத் தொல்லை, வேரால் குழாய்களுக்குத் தொல்லை என்பதுதான் அதன் மேல் உள்ள புகார். பச்சைச் சுவர்தான் வேண்டும் என்றால் செம்பருத்தியை நெருக்கி நடட்டும், பூஜைக்குப் பூவும் ஆச்சு.

குழியை செப்டம்பரிலேயே வெட்டி எரு போட்டு ஆறவிடுங்கள், ஐப்பசி மழையில் கன்று பிடித்துக்கொள்ளும். தரை மட்டம் தெருவைவிட எவ்வளவு உயரம் என்று நீங்கள் எழுதவே இல்லையே? மடிப்பாக்கத்தில் தெருவுக்குத் தெரு தண்ணீர் நிற்கும், ரோடு போடும்போதெல்லாம் தெருவும் ஏறிக்கொண்டே வரும். சிவப்புத் தரைக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அதை எனக்கு எழுதுங்கள்.