அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் கோச்சுகள் ஏன் ஒன்றாக கோல்ஃப் ஆடுகிறார்கள்?

சீசனில் முட்டிக்கொள்ளும் கோச்சுகள் அப்புறம் எப்படிச் சேர்ந்து கோல்ஃப் ஆடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் நன்கொடை திரட்டத்தான். ஜார்ஜியா மாநிலத்தில் ஒக்கோனி ஏரிப் பக்கம் நடக்கும் பீச் போல் சேலஞ்ச் என்ற கோல்ஃப் போட்டியில் ஒரு கோச்சும் அதே கல்லூரியின் பழைய மாணவரான ஒரு பிரபலமும் ஜோடி, இருவரும் அடித்துவிட்டு எந்தப் பந்து நல்ல இடத்தில் விழுந்ததோ அங்கிருந்தே அடுத்ததை அடிப்பார்கள், பரிசுப் பணம் மாணவர் உதவித்தொகைக்கும் அறப்பணிகளுக்கும் போகும். சவுத் கரோலினா பல்கலைக்கழகத்தின் முன்னாள் கோச் ஸ்டீவ் ஸ்பரியர் இதில் பலமுறை ஜெயித்தவர்.

எனக்கு இது பிடிக்க இன்னொரு காரணம், மற்ற நாளெல்லாம் இவர்கள் தலைக்கு மேல் கத்திதான். எல்.எஸ்.யூ.வின் (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) கோச் எட் ஓர்ஜெரான் 2019 சீசனில் 15 ஆட்டத்தையும் ஜெயித்து தேசிய சாம்பியன் கோப்பை வாங்கினார், 2021 அக்டோபரில் அவர் விலகப்போவதாக அறிவிப்பு வந்துவிட்டது. ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் கோச் ஜீன் சிசிக் 2010இல் சாம்பியன், 2012இல் வேலை போச்சு. அந்த வலி இன்னொரு கோச்சுக்குத்தான் சரியாகப் புரியும்.