பார்வை மான் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் மொழிபெயர்க்கும் கட்டுரையில் ‘டிகாய்’ (decoy) என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. விலங்கையோ பறவையையோ அருகே வரவழைக்க நிறுத்தி வைக்கும் பழக்கிய விலங்கு அல்லது பொம்மை என்ற பொருளில். பொறி என்றும் தூண்டில் என்றும் எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. தமிழில் நேர்ச்சொல் உண்டா? பிடிப்பதற்கும் கொல்வதற்கும் மட்டும்தான் இது பயன்படுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒட்டாதுதான். பொறி என்பது பிடிக்கிற கருவி. தூண்டிலில் இருப்பது இரை; மீன் பசிக்காக வருகிறது. நீங்கள் கேட்பதில் பசிக்கு வேலையில்லை. தன் இனத்தில் ஒன்று அங்கே பதறாமல் நிற்கிறது, அப்படியானால் பயமில்லை என்று நம்பி வருகிறது விலங்கு. இழுப்பது அந்த நம்பிக்கை.

நம்மிடம் இதற்குப் பழைய சொல் இருக்கிறது: பார்வை. காட்டு மானைப் பிடிக்கப் பழக்கி வைத்த மான்தான் பார்வை மான். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் என்ற வேட்டுவர் வீட்டு முற்றத்து விளாமரம் ‘பார்வை யாத்த பறைதாள் விளவு’. பார்வை மானைக் கட்டிக் கட்டி அடிமரம் தேய்ந்திருக்கிறது. அன்றாடத் தொழில் என்பதற்கு அந்தத் தேய்மானம் போதும்.

புறநானூற்றின் 320ஆம் பாட்டை அவசியம் படியுங்கள். வேட்டுவன் நல்ல தூக்கத்தில் இருக்கிறான். அவனுடைய பார்வைப் பிணையோடு, அதாவது பழக்கிய பெண்மானோடு, எங்கிருந்தோ வந்த ஒற்றைக் கலைமான் விளையாடிக்கொண்டிருக்கிறது. மனைவி பார்க்கிறாள். நடமாடினால் கணவன் எழுந்துவிடுவான், கலை பிணையைப் பிரிந்து போய்விடும். இரண்டுக்கும் அஞ்சி அசையாமல் இருக்கிறாள். மான்தோலில் காயவைத்த தினையைக் காட்டுக்கோழிகள் தின்கின்றன, அவற்றையும் விரட்டவில்லை. பிடிப்பதற்காகக் கட்டிய மான், பிடிக்க வேண்டிய மான், வீட்டுத் தானியம் போனாலும் போகட்டும் என்று நிற்கிற ஒரு பெண். எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் நெகிழும் இடம் இது.

உயிருள்ள பார்வைதான் வேண்டும் என்றில்லை. அமெரிக்காவின் நெவாடாவில் லவ்லாக் குகையில் 1924இல் கோரையால் செய்த வாத்துருவங்கள் 11 கிடைத்தன. சுமார் 2,000 ஆண்டுப் பழமை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கொல்வதற்கு மட்டுமல்ல. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடலில் ஈஸ்டர்ன் எக் ராக் என்றொரு சிறு தீவு. 19ஆம் நூற்றாண்டு வேட்டையில் அங்கே பஃபின் என்ற கடற்பறவைகள் அடியோடு அழிந்தன. ஸ்டீபன் கிரெஸ் என்ற பறவையியலாளர் 1973 முதல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து அங்கே வளர்த்துக் கடலுக்கு அனுப்பினார். பறந்துபோனவை திரும்பினால்தானே ஆயிற்று? பஃபின் கூட்டமாக வாழும் பறவை, வெறும் பாறையில் இறங்கத் தயங்கும். ஆகவே 1977இல் மரத்தால் செய்து வண்ணம் பூசிய பஃபின்களைப் பாறைமேல் நிறுத்தினார். தன் பிம்பமே இன்னொரு பறவையாகத் தெரியட்டும் என்று முகம் பார்க்கும் கண்ணாடிகளும் வைத்தார். வந்த பறவைகள் பொம்மைகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தன. 1981இல் ஒரு பஃபின் அலகு நிறைய மீனோடு பாறை இடுக்குக்குள் போனது. உள்ளே குஞ்சு இருக்கிறது என்று அர்த்தம். கோரை வாத்துக்கும் இந்த மரப் பறவைக்கும் செய்முறையில் பெரிய வேறுபாடு இல்லை, வைத்த கைதான் வேறு.

இனி உங்கள் மொழிபெயர்ப்புக்கு. உயிருள்ளதென்றால் பார்வை மான், பார்வைப் பறவை. செய்து வைத்ததென்றால் பார்வைப் பொம்மை. இரண்டாம் உலகப் போரில் எதிரியை ஏய்க்கக் காற்றடைத்து நிறுத்திய ரப்பர் டாங்கிகள் உங்கள் கட்டுரையில் வந்தால் அங்கே ‘போலி டாங்கி’ என்றே எழுதுங்கள். அதில் இனம் இனத்தை அழைப்பது இல்லை. அந்த அழைப்பு இருக்கும் இடத்துக்கு மட்டும் ‘பார்வை’யை வைத்துக்கொள்ளுங்கள்.