வினைல் பட்டை ஒட்டிய காருக்கு மெழுகு பூசலாமா? – கேள்வி பதில்

கார்களுக்கு வண்ணப் பட்டை ஒட்டுவதும், ஒட்டியவற்றைப் பேணுவதும், ஆயுள் முடிந்தவற்றை உரித்தெடுப்பதும் என் தொழில். என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் பட்டையின் நிறத்தையும் பளபளப்பையும் பற்றியவை. ஆனால் கெட்டுப்போன நிலையில் வரும் பட்டைகளில் ஏறத்தாழ எல்லாமே ஓரத்திலிருந்து கெட்டவை. கீழே உள்ள பதில்களில் ஓரத்தைப் பற்றியே அடிக்கடி பேசுவதற்கு அதுவே காரணம்.

கேள்வி: வணக்கம் ஐயா. என் காரின் பானெட்டிலிருந்து டிக்கி வரை இரண்டு கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. மெழுகு பூசினால் பட்டை கெட்டுவிடும் என்கிறார் ஒரு நண்பர். பூசாவிட்டால்தான் கெடும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: வணக்கம். முதலில் அந்தப் பட்டை ஒட்டப்பட்டதா, பெயிண்டாக அடிக்கப்பட்டதா என்று பார்த்துவிடுங்கள். விரல் நகத்தைப் பட்டையின் ஓரத்துக்குக் குறுக்காக மெல்ல நகர்த்தும்போது சிறு படி போல ஏதேனும் தட்டுப்பட்டு, அந்த ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருந்தால் அது வினைல். எதுவுமே தட்டுப்படாமல் நகம் வழுக்கிச் சென்றால், அது பெரும்பாலும் கிளியர் கோட்டுக்கு (பெயிண்டின் மேல் பூசும் நிறமற்ற பாதுகாப்புப் படலத்துக்கு) அடியில் அடித்த பட்டையாகவே இருக்கும். காரின் மற்றப் பகுதிகளைப் போலவே அதையும் நடத்தலாம்.

வினைல் என்றால், பளபளப்பான வகையா, மின்னாமல் மங்கலாக இருக்கும் மேட் வகையா என்பது அடுத்த கேள்வி. பளபளப்பான வகைக்குத் தாராளமாக மெழுகு பூசலாம். ஆனால் அந்த மெழுகில் தேய்த்து அழுக்கெடுக்கும் துகள்கள் இருக்கக்கூடாது. மண்ணெண்ணெய் வாடை தூக்கலாக அடிக்கும் வகைகளையும் தவிர்த்துவிடுங்கள். வினைல் என்று நாம் சுருக்கமாக அழைக்கும் பி.வி.சி. இயல்பிலேயே விறைப்பான பொருள். 1926ஆம் ஆண்டில் வால்டோ செமன் என்ற அமெரிக்க வேதியியலாளர் அதனுடன் வேறு சில திரவங்களைச் சேர்த்து வளையும்படி செய்த பிறகுதான் அது இவ்வளவு பயனுள்ள பொருளாயிற்று. உங்கள் பானெட்டின் வளைவுக்கு ஏற்ப அந்தப் பட்டை படிந்திருப்பது இத்தகைய இளக்கிகளால்தான். வெயிலும் சூடும் அவற்றை ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுகின்றன. பெட்ரோலிய வகைக் கரைப்பான்கள் அந்த வேலையை விரைவுபடுத்துவதோடு, ஓரத்தின் வழியாக உள்ளே இறங்கிப் பசையையும் இளக்கிவிடுகின்றன. ஆக, உங்கள் நண்பர்கள் இருவர் சொல்வதும் அவரவர் கையில் இருந்த டப்பாவைப் பொறுத்துச் சரியாக இருந்திருக்கக்கூடும்.

கேள்வி: மெழுகு பூசித் துடைத்த மறுநாள் பார்த்தால், பட்டையின் இரு ஓரங்களிலும் சுண்ணாம்பால் கோடு இழுத்ததுபோல் வெள்ளையாக நிற்கிறது. எவ்வளவு துடைத்தும் போகவில்லை. என்ன செய்வது?

பதில்: கறுப்புப் பட்டை வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருக்கும் காட்சி இது. பட்டையின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான்தான், அதாவது ஒரு தாளின் கனத்துக்கு மேல் இல்லை. ஆனால் அந்தச் சிறிய படியின் அடிவாரத்தில் மெழுகு ஒதுங்கி உலர்ந்துவிட்டால், துணியின் இழை அங்கே எட்டுவதில்லை. எட்டவில்லையே என்று அழுத்தித் தேய்த்தால் ஓரம் கிளம்பும். எனவே அழுத்த வேண்டாம்.

வெதுவெதுப்பான நீரில் கார் ஷாம்புவைக் கலந்து, அதில் நனைத்த துணியை அந்தக் கோட்டின் மேல் இரண்டு நிமிடம் போட்டு வையுங்கள். பிறகு, குழந்தைகள் பல் துலக்கும் மிக மென்மையான பிரஷ் ஒன்றை எடுத்து, பட்டையின் நீளவாக்கில் மட்டும், ஓரத்தை ஒட்டியபடியே இழுங்கள். நார்கள் மடங்காத அளவுக்கு லேசாகப் பிடித்தால் போதும். முதல் இழுப்பிலேயே வெள்ளைப் பொடி நார்களில் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்ப்பீர்கள். பிரஷை அலசிவிட்டு அடுத்த ஒரு சாண் நீளத்துக்குச் செல்லுங்கள். அதற்கும் அசையாத இடங்களில், ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு பங்குக்கு நீர் இரண்டு பங்கு கலந்து, காது குடையும் பஞ்சுக்குச்சியின் நுனியைச் சற்றே நனைத்து, கோட்டின்மேல் ஓட்டி, உடனே உலர்துணியால் ஒற்றி எடுங்கள். நிலக்கடலை வெண்ணெய் தடவும் பழைய வைத்தியம் ஒன்றும் உண்டு. அதிலுள்ள எண்ணெய் மெழுகை இளக்குவது உண்மைதான். பிறகு அந்த எண்ணெயை ஓரத்திலிருந்து எடுப்பது தனி வேலையாகிவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

அடுத்த முறை இந்தத் தொல்லையே வராமல் இருக்க, மெழுகை நேரே காரின்மேல் வைக்காமல் பஞ்சில் எடுத்து, பட்டை ஓடும் திசையிலேயே மிக மெல்லியதாகப் பூசுங்கள். வட்டமாகச் சுழற்றிப் பூசும் பழக்கம்தான் ஒவ்வொரு சுற்றிலும் ஓரத்தில் கொஞ்சம் மெழுகைக் கொண்டு போய்ச் சேர்க்கிறது. மெழுகு திரவமாக இருந்தால் வேலை இன்னும் எளிது.

கேள்வி: என்னுடையது மேட் கறுப்பு. தெரியாமல் ஒரு பக்கம் மெழுகு பூசிவிட்டேன். இப்போது அந்த இடம் மட்டும் எண்ணெய் தடவியதுபோல் மின்னுகிறது.

பதில்: மேட் பரப்பு நுண்ணிய மேடு பள்ளங்களால் ஆனது, அவை ஒளியைச் சிதறடிப்பதால்தான் மங்கலாகத் தெரிகிறது. மெழுகு அந்தப் பள்ளங்களை நிரப்பிவிட்டது. நல்ல வேளையாக நீங்கள் பூசியது மெழுகு மட்டும்தான் என்றால் மீட்டுவிடலாம்: மேலே சொன்ன ஆல்கஹால் கலவையை மைக்ரோஃபைபர் துணியில் தெளித்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்து, ஒவ்வொரு முறையும் துணியின் புதிய பக்கத்துக்கு மாறுங்கள். பாலிஷ் போட்டுத் தேய்த்திருந்தால், மேடுகளே மழுங்கியிருக்கும். அதற்கு மாற்று வழி இல்லை, அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும். இனி மேட் பரப்புக்கென்றே விற்கும் தெளிப்பானைத் தவிர வேறெதையும் அதன்மேல் கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: பெயிண்டில் சுழல் சுழலாகக் கீறல்கள் உள்ளன. மெஷின் வைத்து பாலிஷ் செய்ய ஆசை. பட்டைக்கு மேல் ஓட்டலாமா?

பதில்: கூடாது. என் தொழிலின் தொடக்கக் காலத்தில், ஓரத்துக்கு டேப் ஒட்டச் சோம்பல்பட்டு, கவனமாகத்தானே ஓட்டுகிறோம் என்ற துணிச்சலில் ஒரு கதவின் மேல் மெஷினை ஓட்டினேன். சுழலும் பஞ்சு பட்டையின் ஓரத்தைப் பிடித்த கணத்தில், கையளவு நீளம் சுருண்டு எழுந்து நின்றது. அந்தப் பட்டையை முழுவதும் உரித்து, என் செலவிலேயே புதிதாக ஒட்டிக் கொடுத்தேன்.

பெயிண்டை பாலிஷ் செய்வதில் தவறில்லை. பட்டை முழுவதையும் மாஸ்கிங் டேப்பால் மூடி, டேப் ஓரத்தைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் பெயிண்டின் மேலும் படியும்படி ஒட்டிக்கொள்ளுங்கள். டேப்புக்கு அருகிலுள்ள பெயிண்டைக் கையாலேயே, பட்டைக்கு இணையாகத் தேய்த்து முடியுங்கள். முடிந்ததும் டேப்பைப் பட்டையின் உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி உரியுங்கள். மாறாக உரித்தால் டேப்போடு ஓரமும் கூடவே வந்துவிடும். ஒட்டிப்போன அழுக்கை எடுக்கும் களிமண் கட்டி கொண்டு பெயிண்டைத் துடைப்பவர்களும் இதே எல்லையைக் கடைப்பிடிக்க வேண்டும்.

கேள்வி: நேற்றுத்தான் பட்டை ஒட்டினேன். எப்போது கழுவலாம், எப்போது மெழுகு பூசலாம்?

பதில்: அழுத்தத்தால் பிடிக்கும் இவ்வகைப் பசை முழு வலுவை அடைய இரண்டு மூன்று நாட்கள் ஆகும், குளிர் காலத்தில் இன்னும் கூடுதலாகும். ஒரு வாரம் கழுவாமல் இருங்கள். மெழுகுக்கு மூன்று வாரங்கள் காத்திருப்பது என் வழக்கம்.

கேள்வி: வேகமாக நீர் பீய்ச்சும் பம்பைப் பயன்படுத்தலாமா? பட்டையின் ஒரு மூலை ஏற்கெனவே லேசாகக் கிளம்பியிருக்கிறது.

பதில்: மூலை கிளம்பியிருக்கும்போது வேண்டாம். நீர் உள்ளே புகுந்தால் மூலை மட்டும் கிளம்பியிருந்த பட்டை முழுதாகவே கையோடு வந்துவிடும். மூலையைச் சரிசெய்த பிறகு பயன்படுத்தலாம்: விரிந்து பீய்ச்சும் முனையைப் போட்டு, குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று, நீர் பரப்பின்மேல் நேராக விழும்படி பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் நீரின் வேகம் உளி போல ஓரத்தின் அடியில் நுழையும்.

இனி மூலையைப் பார்ப்போம். அடியில் உள்ள பசை தூசி படியாமல் பளிச்சென்று இருந்தால், ஹேர் டிரையரால் சூடேற்றி, துணி சுற்றிய கட்டைவிரலால் உள்ளிருந்து வெளிநோக்கி அழுத்தி, ஆறும்வரை அப்படியே பிடித்திருங்கள். பசை சாம்பல் நிறமாக மாறியிருந்தால் அது இனி ஒட்டாது. புதுக் கத்தரியால், பெயிண்டில் படாதபடி, கிளம்பிய பகுதியை வட்டமாக வெட்டி எடுத்துவிடுங்கள். கூர்மூலை எளிதில் கிளம்பும், வட்ட மூலை அவ்வளவு எளிதில் கிளம்பாது. நொடியில் ஒட்டும் பசையைத் தயவுசெய்து விடாதீர்கள்: அது வெள்ளையாகப் பூத்து, விறைத்து, நாளைக்கு உரிக்கும்போது பெயிண்டையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

கேள்வி: கார்னாபா மெழுகு நல்லதா, செயற்கை சீலண்ட் நல்லதா?

பதில்: கார்னாபா பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு வகைப் பனையின் இலையிலிருந்து வருகிறது, ஏறத்தாழ 82 முதல் 86 டிகிரி செல்சியஸில் உருகும். பார்வைக்கு ஆழமான பளபளப்பைத் தரும், ஆனால் சில வாரங்களில் கரைந்துவிடும். மெழுகுக்குப் பதிலாகப் பூசும் செயற்கை சீலண்ட் பல மாதங்கள் தாங்கும், ஓரத்தில் குறைவாகவே படியும். பட்டை உள்ள காருக்கு நான் சீலண்டையே தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: செராமிக் கோட்டிங் செய்யவும் பட்டை ஒட்டவும் எண்ணியிருக்கிறேன். எதை முதலில் செய்வது?

பதில்: பட்டைதான் முதலில். கோட்டிங்கின் வேலையே எதையும் தன்மேல் ஒட்டவிடாமல் தடுப்பது. அதன்மேல் பட்டையும் சரிவரப் பிடிக்காது. பட்டை ஒட்டிச் சில வாரங்கள் கழித்து, வினைலுக்கும் ஏற்றது என்று குறிப்பிட்ட கோட்டிங்கைப் பூசச் சொல்லுங்கள்.

கேள்வி: பறவை எச்சம் பட்டையின் மேல் காய்ந்துவிட்டது. பெட்ரோல் நிரப்பும்போதும் சில துளிகள் வழிந்துவிடுகின்றன.

பதில்: எச்சத்தில் யூரிக் அமிலம் உள்ளது, வெயிலில் அது விரைவில் தழும்பு போடும். நகத்தால் சுரண்டாமல், ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்துத் தூக்கி எடுங்கள். பெட்ரோலை அந்த இடத்திலேயே துடைத்து, பிறகு நீரால் கழுவுங்கள்.

கேள்வி: ஏழு ஆண்டுகளாக இருக்கும் பட்டையை எடுத்துவிட நினைக்கிறேன். அடியில் பெயிண்ட் எப்படி இருக்கும்?

பதில்: பானெட்டிலும் கூரையிலும் உள்ள பட்டைகள் வெயிலை நேருக்கு நேர் வாங்குவதால், பக்கவாட்டில் உள்ளவற்றைவிட முன்னதாகவே விறைத்திருக்கும், அவை சில்லு சில்லாகத்தான் வரும், பொறுமை வேண்டும். ஒரு சாண் நீளத்தை மட்டும் சூடேற்றி, மேலே தூக்காமல், பரப்பை ஒட்டிப் பின்னோக்கி மடித்து மெதுவாக இழுங்கள். எஞ்சும் பசையைப் பெயிண்டுக்குத் தீங்கில்லாத பசை நீக்கியால் இளக்கித் துடையுங்கள். முன்பு ஒருமுறை ரீபெயிண்ட் செய்த பகுதியாக இருந்தால், பெயிண்டே பட்டையோடு வரக்கூடும் என்பதை மனத்தில் வைத்து, கண்ணில் அதிகம் படாத ஒரு மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

எடுத்த பிறகும் பட்டையின் நிழல் ஒன்று தெரியும். அது அழுக்கு அல்ல. மூடியிருந்த பெயிண்ட் பழைய நிறத்திலேயே இருக்க, சுற்றியுள்ள பெயிண்ட் வெளுத்திருக்கும். வெளுத்த பகுதியை பாலிஷ் செய்தால் வேறுபாடு குறையும். ஆனால் கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரான் அளவே இருப்பதால், நிழல் முழுவதும் மறையும்வரை தேய்த்துக்கொண்டே போகாதீர்கள். அடர் சிவப்பு, அடர் நீலக் கார்களில் அது முழுதாக மறைந்து நான் கண்டது அரிது. அந்தக் கார்களின் உரிமையாளர்களில் பலர் கடைசியில் அதே இடத்தில், நிழலைவிட ஒரு விரற்கடை அகலமான புதுப் பட்டையையே ஒட்டிக்கொண்டு போனார்கள்.