தோல்வியே காணாத மயாமி ஏன் பிட்ஸ்பர்க் சென்றது?

வணக்கம். அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் தொடரில் 1972 பருவத்தின் 14 ஆட்டங்களையும் வென்ற மயாமி டால்ஃபின்ஸ் அணி, மூன்று தோல்விகள் கண்ட பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் மைதானத்தில் ஏஎஃப்சி (அத்தொடரின் இரு பாதிகளில் ஒன்று) இறுதி ஆட்டத்தை ஆடியதாக உங்கள் பட்டியலில் இருப்பது பிழையா என்று கேட்டிருந்தீர்கள். பிழையில்லை.

என்எஃப்எல் தொடரில் 1974 வரை, பிளேஆஃப் (பருவ முடிவில் நடக்கும் வெளியேற்றுச் சுற்று) ஆட்டம் எந்த ஊரில் நடக்கும் என்பதை வெற்றிக் கணக்கு தீர்மானிக்கவில்லை; சொந்த ஊரில் ஆடும் உரிமை, அணிகள் பகுக்கப்பட்டிருந்த பிரிவுகளுக்கிடையே ஆண்டுதோறும் முறைவைத்துச் சுழன்று வந்ததால், ஒரு அணி எவ்வளவு சிறப்பாக ஆடினாலும் தன் பிரிவின் முறை வராவிட்டால் வெளியூர் செல்ல வேண்டியிருந்தது. இது பெரும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

அன்று பிட்ஸ்பர்க் 7-0 என முன்னிலையில் இருந்தபோது, பந்தை உதைத்தனுப்ப வேண்டிய மயாமி வீரர் லாரி சீப்பிள், உதைக்காமல் அதைக் கையில் ஏந்தி 37 கெஜம் ஓடினார். அதைத் தொடர்ந்து சமன் செய்த மயாமி, இறுதியில் 21-17 என வென்றது. மறு ஆண்டும் 12 வெற்றி பெற்ற மினசோட்டா, 10 வெற்றி பெற்ற டாலஸின் மைதானத்தில்தான் மற்றொரு பாதியான என்எஃப்சியின் இறுதி ஆட்டத்தை ஆடியது.

1975 முதல்தான் வெற்றி தோல்விக் கணக்கின்படி அணிகளைத் தரவரிசைப்படுத்தி, மேலிடத்திலுள்ள அணிக்குச் சொந்த மைதானம் வழங்கும் முறை வந்தது. ஆகவே, உங்கள் பட்டியலில் அதற்கு முந்தைய ஆண்டுகளைத் திருத்த வேண்டாம்.