யார் அந்த ஸ்டான்லி?

கேள்வி: இங்கிலாந்தில் அக்ரிங்டன் ஸ்டான்லி என்று ஒரு சிறிய கால்பந்து கிளப் இருக்கிறது. 1888-இல் லீக் போட்டியைத் தொடங்கிய பன்னிரண்டு கிளப்புகளில் அதுவும் ஒன்று என்று என் மகன் அடித்துச் சொல்கிறான். நடுவில் லீக்கைவிட்டே போய்விட்டதாமே, ஏன்? யார் அந்த ஸ்டான்லி?
– வாசகர் ஒருவர், ஆஸ்டின் டவுன், பெங்களூரு

பதில்: 1980-களின் இறுதியில் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் வந்த ஒரு பால் விளம்பரத்தில், "அக்ரிங்டன் ஸ்டான்லியா? யார் அவர்கள்?" என்று ஒரு சிறுவன் கேட்பான். நீங்களும் கேட்டுவிட்டீர்கள். ஸ்டான்லி என்பது இங்கே ஆள் பெயர் அன்று, தெருப் பெயர். லங்காஷயர் வட்டாரத்தில் பருத்தி ஆலைகள் நிறைந்திருந்த அக்ரிங்டன் ஊரின் ஸ்டான்லி தெருவில் 'ஸ்டான்லி வில்லா' என்று ஆடிக்கொண்டிருந்த அணிதான் பின்னர் ஊர்ப் பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டது. தெருவுக்கு ஓர் அணி கட்டி ஆடிய உங்கள் பகுதிக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

உங்கள் மகன் சொல்வது பாதி சரி. 1888-இல் லீக்கைத் தொடங்கியவற்றுள் அக்ரிங்டன் என்ற கிளப் ஒன்று இருந்தது. ஆனால் அது வேறு கிளப். 1893-இல் லீக்கைவிட்டு விலகிச் சில ஆண்டுகளில் கலைந்தும் போயிற்று. ஸ்டான்லி லீக்கில் நுழைந்தது 1921-இல்தான்.

1955-லும் 1958-லும் ஸ்டான்லி தன் பிரிவில் இரண்டாமிடம் பிடித்தது. ஆனால் முதலிடம் பெற்ற அணிக்கு மட்டுமே மேலே ஏற வழி இருந்தது. கையில் காசில்லாத அந்த நாளில்தான், ஆல்டர்ஷாட்டில் இராணுவ அணிவகுப்புக் காட்சிக்காக நிறுவியிருந்த பார்வையாளர் மாடம் ஒன்றை மலிவாகக் கிடைக்கிறதென்று நிர்வாகிகள் வாங்கினார்கள். அதைப் பிரித்து முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் கொண்டுவந்து நிறுத்திய செலவோ வாங்கிய விலையைப்போலப் பல மடங்காயிற்று. பக்கத்து ஊரான பர்ன்லியின் அணி 1960-இல் இங்கிலாந்தின் சாம்பியனே ஆகிவிட்ட நிலையில், கீழ்ப்பிரிவில் தோற்றுக்கொண்டிருந்த அணியைப் பார்க்க எத்தனை பேர் டிக்கெட் வாங்குவார்கள்?

1962 மார்ச் 2 அன்று க்ரூ அணியிடம் 0–4 என்று தோற்ற சில நாள்களில், கடன் சுமை தாங்காமல் நிர்வாகிகள் லீக்கிலிருந்து விலகுவதாகக் கடிதம் அனுப்பினார்கள். உடனே உதவிக்கு ஆள்கள் முன்வரவே, விலகலைத் திரும்பப் பெறுவதாக இன்னொரு கடிதம் போயிற்று. லீக்கின் செயலாளர் ஆலன் ஹார்டேக்கர் அதை ஏற்கவில்லை. அந்தப் பருவத்தில் ஸ்டான்லி ஆடியிருந்த 33 ஆட்டங்களும் பதிவிலிருந்து நீக்கப்பட்டன. கடன் பொய்யில்லைதான், ஆனாலும் முதல் கடிதத்தை ஒரு வாரம் மேசையிலேயே வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கீழ்நிலைப் போட்டிகளில் தடுமாறிய அந்தக் கிளப் 1966-இல் மூடப்பட்டது. 1968-இல் அதே பெயரில் புதிய கிளப் தொடங்கப்பட்டு, கிரௌன் மைதானத்தில் ஆடி, 2006-இல் லீக்குக்குள் வந்தது. 2018-இல் நான்காம் நிலைப் பிரிவில் சாம்பியனாகி மேலே ஏறி, 2023-இல் மீண்டும் இறங்கியது.

ஒன்றை உங்கள் மகனுக்காக வைத்திருந்தேன். 1962-இல் ஸ்டான்லி விட்டுப்போன இடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கிளப் ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட். 2006-இல் ஸ்டான்லி உள்ளே வந்தபோது லீக்கிலிருந்து வெளியே இறங்கிய இரண்டு கிளப்புகளில் ஒன்றும் அதே ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட்தான்.